தவளை பாம்பைத் தின்ன வேண்டிய வாரம்

கெளுத்தியேந்தல்காரர்களுக்கு மூளை கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. வயிற்றெரிச்சலில் சொல்வது. மூளை எல்லாருக்கும் இருந்தது. அதை முறை வைத்துப் பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான். ஒருவர் யோசிக்கிற அன்றைக்கு மற்றவர் யோசிக்க மாட்டார். யோசித்தால் அடுத்தவர் முறையில் கை வைத்ததாகிவிடும்.

கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். இவர்கள் அதோடு நிற்கவில்லை. இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் ஒருவர் திட்டி முடிக்கும்வரை மற்றவர் கைகட்டி நிற்பார். "முடிஞ்சுதாண்ணே?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் தன் பங்கைத் தொடங்குவார். புருஷன் குறட்டை விடுகிற அன்றைக்குப் பெண்டாட்டி விழித்திருப்பாள். மறுநாள் அவள் விடுவாள்.

அந்த ஊரில் அழகுராக்கு என்று ஒருத்தி. வாதம் பண்ணுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "வெயில் அடிக்குதே" என்று யாராவது சொன்னால், "அடிச்சா உனக்கு வலிக்கணுமே, வலிக்குதா?" என்று கேட்பாள். ஊர்க் கூட்டத்தில் பெண்களுக்குப் பேச முறை கிடையாது. அதனால் அவள் கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மரத்திடம் பேசுவாள். மரத்துக்குக் கேட்கிற மாதிரி பேசினால் அடுத்த தெருவரைக்கும் கேட்கும்.

அந்த வருஷம் அவளுக்கு ஒரு பெரிய விஷயம் இருந்தது. தைப்பொங்கலுக்கு ஊர்ப்பானையில் போடுகிற புது அரிசி ஒவ்வொரு வருஷமும் ஒரு வீட்டு வயலிலிருந்து வரும். அவள் வாக்கப்பட்டு வந்தபோது ஊரின் மறுகோடியில் இருந்த அந்த முறை, வீடு வீடாக நகர்ந்து, அவள் தலையில் நரை விழுந்த பிறகு இப்போதுதான் அவள் வாசலுக்கு வந்திருந்தது. கண்மாய்க்கரை ஓரம் அவள் வயல் கதிர் வெளிவரும் பருவத்தில் பொதி கட்டி நின்றது. நெல் வராமல் போனால் முறை அடுத்த வீட்டுக்குத் தாவிவிடும். அடுத்த வீடு ஊர்த் தலைவர் உடையப்பனுடையது. மறுபடி இவள் முறை வரும்போது இவள் இருப்பாளோ, மாலை போட்ட படம்தான் இருக்குமோ.

இந்த நேரம் பார்த்துத்தான் ஜெபராணி டீச்சர் பாடம் எடுத்தார்.

டீச்சர் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிற அறிவியல் டீச்சர். அன்றைக்கு வகுப்புக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சுகளில் பிள்ளைகளைக் காணோம். பெற்றவர்கள் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பசங்க எங்க?"

"வயல்ல களை எடுக்குதுங்க டீச்சர்" என்றான் அழகுராக்குவின் புருஷன் சோணைமுத்து. "அதுங்க ரொம்ப நாளா வந்துச்சுல்ல? இந்த வாரம் எங்க முறை."

டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படத்தை மாட்டினார். வந்தவரைக்கும் லாபம் என்று நினைத்திருப்பார், பாவம்.

"இதோ பாருங்க. நெல்லு இருக்கு. வெயிலை வாங்கி, தண்ணியும் காத்தும் சேர்த்துத் தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்குது. அந்த நெல்லைப் பூச்சி தின்னும், எலி தின்னும். பூச்சியைத் தவளை தின்னும். தவளையையும் எலியையும் பாம்பு தின்னும். பாம்பைப் பருந்து தின்னும். செத்து விழுந்ததையெல்லாம் மண்ணுல இருக்கிற புழுவும் பூஞ்சையும் மக்க வெச்சு மறுபடி பயிருக்கே உரமாக் குடுத்துரும். ஒண்ணை நம்பித்தான் இன்னொண்ணு. எதுக்கும் குறை வராம நாமதான் பாத்துக்கணும்."

தலைவர் உடையப்பன் மட்டும் மெல்லக் கையைத் தூக்கினார்.

"டீச்சரம்மா, தவளையைப் பாம்பு தின்னும்னீங்க. சரி. தவளை பாம்பை எப்பத் தின்னும்?"

"தின்னாதுங்க."

"ஒருதடவைகூட?"

"ஒருதடவைகூட."

பெஞ்சிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. பெரிய அநியாயத்தைக் கேட்டவர்கள் போடுகிற முனகல்.

அன்று மாலையே வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. யோசிக்கிற முறை அன்றைக்கு மடை திறக்கிற வீரபுத்திரனுடையது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"ஐயா, நான் யோசிச்சுட்டேன். உலகம் தோணுன நாளிலிருந்து ஒரே ஆளே தின்னுக்கிட்டிருக்கான். ஒரே ஆளே செத்துக்கிட்டிருக்கான். நம்ம ஊர் எல்லைக்குள்ள, நம்ம மூக்குக்குக் கீழ, முறையில்லாம ஒரு காரியம் நடந்திருக்கு. வெளியில தெரிஞ்சா நாலு பேர் என்ன சொல்லுவான்?"

"தவளைக்குப் பல்லே கிடையாதேப்பா" என்றார் ஒருவர்.

"அது அதோட பாடு. முறையைக் குடுக்கிறது நம்ம கடமை. மெல்லுறதும் முழுங்குறதும் அதோட சாமர்த்தியம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போது வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமிருந்து அழகுராக்கு மரத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஏ மரமே, தவளைக்காகத் தவிக்கிறாங்களே, பயிரை ஒருத்தரும் நினைச்சுப் பாக்கலையே. தவளையாவது பூச்சியைத் தின்னு வயித்தை ரொப்பிக்குது. என் பயிரு, நட்ட நாளிலிருந்து இன்னைய வரைக்கும் ஒருத்தரையாவது கடிச்சிருக்கா? பூச்சி தின்னுது, எலி தின்னுது, மாடு தின்னுது, கடைசியா நாமளும் திங்கிறோம். வாயில்லாத சீவன்னா அது என் பயிருதான்."

கூட்டம் கலங்கிப்போனது. ஒரு பெரியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ராக்கு சொல்றதுல நியாயம் இருக்கு" என்றார் தலைவர். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அதாவது, மரம் சொல்றதுல" என்றார்.

தீர்ப்பு ஆனது. வரும் வாரம் முறை மாற்றம். பயிர் பூச்சியைத் தின்னும். பூச்சி தவளையைத் தின்னும். தவளை பாம்பைத் தின்னும். பாம்பு பருந்தைத் தின்னும்.

"சூரியனை யாரு திங்கிறது?" என்று சோணைமுத்து கேட்டான்.

"அவரு வெளியூரு" என்றார் தலைவர். "அவரை இதுல இழுக்காதே."

மறுநாள் வயல்வரப்பெல்லாம் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். பயிருக்குச் சொன்னார்கள், வளைக்குள் குனிந்து பாம்புக்குச் சொன்னார்கள். பருந்துக்குச் சேதி சொல்ல வீரபுத்திரன் பனைமரம் ஏறினான். உச்சியில் தொங்கிக்கொண்டு, "ஐயா பருந்து, இந்த வாரம் பாம்பு முறை, கொஞ்சம் தாழப் பறங்க" என்று கத்திப் பார்த்தான். பருந்து வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

"மேல இருக்கிறவுங்க எப்பத்தான் காதுல வாங்கியிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். நெஞ்சில் பாதித் தோலைக் காணோம்.

அடுத்தது தவளை. முதல் தடவை என்பதால் ஊரே கூடி நின்று மரியாதையாகத் தொடங்கிவைக்க வேண்டும் என்று முடிவானது. ஒரு சாரைப்பாம்பைப் பிடித்துப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். எதிரில் ஒரு பருத்த தவளையை உட்கார வைத்தார்கள்.

"ம், ஆரம்பி" என்றார் தலைவர் தவளையிடம்.

தவளை கண்ணை மூடித் திறந்தது.

"யோசிக்குது" என்றான் சோணைமுத்து.

"எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குறதுன்னு பாக்குதுப்பா. நீளமான சாப்பாடுல்ல?" என்றார் ஒரு பெரியவர்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பாம்பும் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு தவளையை விழுங்கியது.

"முறை தவறிட்டான்!" என்று கூட்டம் கொதித்தது. பாம்பை நடுவில் வைத்து விசாரித்தார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அது நாக்கை நீட்டியது. ஊர்ப் பெரியவர்களைப் பார்த்து நாக்கை நீட்டியது அதைவிடப் பெரிய குற்றம். பாம்பு சாதியையே ஊரைவிட்டுத் தள்ளி வைப்பது என்று தீர்ப்பு. வளை வளையாகத் தோண்டி, கவட்டைக் குச்சியால் அமுக்கி, பானைகளில் போட்டு, கண்மாய்க்கு அந்தக் கரையில் கொண்டுபோய் விட்டார்கள். போன பாம்பிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தவளைகளும் யோக்கியமில்லை என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. பூச்சியின் முறை நடக்கும்போதே அவை பூச்சியை நக்கி நக்கித் தின்றுகொண்டிருந்தன. அவற்றையும் சாக்கில் அள்ளித் தலைவர் வீட்டு மாட்டுத்தொட்டியில் போட்டு மூடினார்கள். ராத்திரியெல்லாம் அவை ஒரே குரலில் கத்தின. "ஒண்ணு முடிச்சதும் அடுத்தது கத்தலாம்ல? முறை தெரியாத கழுதைங்க" என்று தலைவர் தூங்காமல் புலம்பினார்.

இனிப் பயிர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

அழகுராக்கு கஞ்சிச் சட்டியோடு வரப்பில் போய் உட்கார்ந்தாள். பார்த்தாள். பூச்சிகள் வந்தன. அடுத்த நாள் அவற்றின் சொந்தபந்தம் வந்தது. தோகை சுருண்டது. அடித்தூரில் புகையான் பூச்சி அப்பியது. பயிர் ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை.

"ஏன் திங்க மாட்டேங்குது?" என்றாள்.

சோணைமுத்து வரப்பில் நடந்து நடந்து பார்த்தான். அன்றைக்கு யோசிக்கிற முறை அவனுடையது.

"ஏ புள்ள, நீ இந்த வீட்டுக்கு வந்த புதுசுல எங்காத்தா முன்னாடி சாப்பிட்டியா?"

"வெக்கமா இருந்துச்சு. அடுப்படியில ஒளிஞ்சு நின்னு சாப்பிட்டேன்."

"பயிரும் இன்னைக்குத்தான் முதமுதலாச் சாப்பிட உக்காந்திருக்கு. நீ சட்டியை வெச்சுக்கிட்டு வாயையே பாத்தா அது எப்படித் திங்கும்?"

அழகுராக்கு சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். தன் சேலை, நாத்தனார் சேலை, அக்கம்பக்கத்துச் சேலை எல்லாம் வாங்கி, கம்பு நட்டு வயலைச் சுற்றி மறைப்புக் கட்டினாள். பருந்து மேலிருந்து பார்க்கிறது என்று வீரபுத்திரன் எடுத்துக் கொடுத்தான். மேலேயும் மூடினாள். வெளியே நின்று, "தின்னு தாயி, யாரும் பாக்கல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

உள்ளே சாப்பாடு பலமாக நடந்தது. சத்தம் கேட்டது. கறுக் கறுக் என்று கடிக்கிற சத்தம். அழகுராக்கு பூரித்துப்போனாள். "எம் பயிருக்கு என்னா பசி பாத்தீங்களா!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சத்தம் போட்டது எலி என்பது யாருக்கும் தோன்றவில்லை. எலி தூரைக் கத்தரிக்கிற சத்தத்தைப் பாம்பு இருந்தவரைக்கும் அவர்கள் அதிகம் கேட்டதில்லை.

ஒருநாள் காற்றில் ஒரு சேலை விலகியது. அழகுராக்கு எட்டிப் பார்த்தாள்.

வெயில் படாத பயிர் வெளுத்து மஞ்சள் பூத்திருந்தது. பாதி வயலை எலி அறுத்துப் படுக்கப் போட்டிருந்தது. மிச்சத்தில் பூச்சி கல்யாணச் சந்தடி. சேலை எட்டாமல் வெயிலில் கிடந்த வடக்கு மூலை மட்டும்தான் பச்சையாக நின்றது.

அவள் போட்ட கூச்சலில் கண்மாயில் கொக்கு கிளம்பியது. நேரே கூட்டத்துக்குப் போனாள். மரத்துக்குப் பின்னால் போகவில்லை. நடுவில் போய் நின்றாள்.

"உங்க முறையைக் கொண்டுபோய்க் கண்மாயில போடுங்க! எம் பயிரு போச்சு. எம் பொங்கப்பானை போச்சு. வாக்கப்பட்டு வந்த நாளா இதுக்காகக் காத்துக் கிடந்தவளுக்கு இதுதான் கதியா மாமா?"

தலைவர் உடையப்பன் தொண்டையைச் செருமினார். "பதறாதே ராக்கு. உன் வயல்ல இல்லைன்னா என் வயல்ல இருக்கு. முறை எனக்கு வருது, அவ்வளவுதானே. ஊரு பட்டினியா கிடக்கப்போகுது?"

"ஓ, இதுக்குத்தான் தவளையை உங்க தொட்டியில போட்டீங்களா? அது உங்க வயல்ல வந்து பூச்சி தின்னுச்சுன்னு சொல்றாங்களே!"

"அது மூடி விலகிப்போச்சு ஆத்தா" என்று தலைவர் கீழே பார்த்தார்.

சோணைமுத்து ஓடிப்போய் டீச்சரைக் கூட்டி வந்தான். டீச்சர் வயலைப் பார்த்தார். சேலைகளைப் பார்த்தார். வீரபுத்திரனின் நெஞ்சைப் பார்த்தார்.

"பயிருக்கு வெயில்தாங்க சாப்பாடு! அதைப் போயி சேலையால மூடுவாங்களா? தவளை இல்லைன்னா பூச்சி பெருகும், பாம்பு இல்லைன்னா எலி பெருகும்னு படத்துல போட்டுத்தானே காட்டினேன்? முதல்ல தவளையைத் திறந்து விடுங்க. சேலையை எடுங்க. பாம்பு திரும்பி வந்தா விரட்டாதீங்க. அதுக்கப்புறம் தயவுசெஞ்சு நீங்க யாரும் ஒண்ணுமே செய்யாதீங்க."

சொன்ன மாதிரியே செய்தார்கள். தவளையை விட்டார்கள், சேலையை எடுத்தார்கள். அதன்பிறகு ஒன்றுமே செய்யவில்லை. வீரபுத்திரன் மடையடியில் மண்வெட்டியை ஓங்கியவன் ஓங்கினபடி நின்றான். சோணைமுத்து ஒரு கால் செருப்போடு உட்கார்ந்திருந்தான், மற்றதை மாட்டினால் செய்ததாகிவிடும் என்று. பிள்ளைகள்தான் கஞ்சி காய்ச்சி ஊட்டிவிட்டார்கள். மெல்லலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்க விவாதம் நடந்தது.

ஊர் இப்படிச் சும்மா கிடந்ததில் வயலுக்கு உயிர் வந்தது. தவளை பூச்சியைப் பார்த்துக்கொண்டது. பாம்புகள் யாரையும் கேட்காமல் திரும்பி வந்து எலியைப் பார்த்துக்கொண்டன. வடக்கு மூலை தப்பித்துக் கதிர் முற்றித் தலை சாய்ந்தது. ஒரு பானைக்குத் தாராளமாகக் காணும்.

அழகுராக்கு அரிவாளை எடுத்தாள்.

"மதினி, நில்லுங்க!" என்றான் வீரபுத்திரன், மண்வெட்டியை இறக்காமல். "அறுத்தா செஞ்சதா ஆயிரும். டீச்சர் ஒண்ணுமே செய்யக் கூடாதுன்னாங்க."

"நீங்க இப்ப என்ன பண்றீங்க கொழுந்தனாரே?"

"சும்மா இருக்கேன்."

"சும்மா இருக்கீங்கல்ல? அது ஒண்ணைச் செய்யறதுதானே? ஒண்ணுமே செய்யக் கூடாதுன்னா சும்மா இருக்கவும் கூடாது."

வீரபுத்திரன் அதை யோசித்துப் பார்த்தான். மண்வெட்டி தானாகக் கீழே இறங்கியது. ஊரே சோம்பல் முறித்து எழுந்து வந்து கதிரறுத்தது.

பொங்கலன்று அறுத்த வயலிலேயே அடுப்பு மூட்டினார்கள். அழகுராக்கு தன் கையால் புது அரிசியைப் பானையில் போட்டாள். பொங்கி வழிந்தது, அதுவும் கிழக்குப் பக்கமாக. குலவை போட்டவர்களில் அவள் குரல்தான் மேலே நின்றது. டீச்சரும் வந்திருந்தார். பொங்கலை முதலில் தலைவருக்கு வைத்தார்கள், அது அவருக்குள்ள மரியாதை. அவர் மூன்றாவது உருண்டையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம். இப்ப நாங்க நெல்லைத் திங்கிறோம். நெல்லு எங்களைத் திங்கவே திங்காதா?"

டீச்சர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அறிவியல் படித்தவர், பொய் வரவில்லை.

"ஒரு வகையில பாத்தா திங்கும். நாம செத்து, மண்ணுல மக்கினபிறகு, அந்தச் சத்தைப் பயிர் வேர் வழியா எடுத்துக்கும். அப்படித்தான் அந்தச் சுத்து முடியும்."

அவர் பஸ் ஏறுகிற அவசரம் இல்லாதவர்தான். இருந்தும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நோக்கி வேகமாக நடந்தார்.

"கேட்டீங்களா?" என்றாள் அழகுராக்கு. "எம் பயிரு உங்க எல்லாருக்கும் சோறு போட்டாச்சு. இப்ப அதோட முறை. தின்னுட்டுக் கையைக் கழுவிக்கிட்டுப் போயிரலாம்னு பாக்காதீங்க."

"செத்தப்புறம்னுதானே சொன்னாங்க" என்றான் சோணைமுத்து மெல்ல.

"நெல்லு எங்கிட்ட நீ செத்தபிறகு சோறு போடுறேன்னு சொல்லுச்சா? சுடச்சுடப் போட்டுச்சுல்ல?"

இலையைச் சுருட்டிவிட்டு எல்லாரும் அறுத்த தாள்களுக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் ஆள் யார் என்று பிரச்சினை வந்தது. அத்தனை வருஷத்தில் முதல் முறையாகத் தலைவர் உடையப்பன் எழுந்து, "என்னைக் கேட்டா, பொம்பளைங்களுக்குத்தான் முதலிடம் குடுக்கணும்" என்றார்.

"அய்யய்யோ, முறை என்னாகுறது மாமா? முதல் மரியாதை எப்பவும் உங்களுக்குத்தானே" என்று அழகுராக்கு அவர் கழுத்தில் மாலையைப் போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டு, தாளடியில் நன்றாகக் காலை நீட்டி உட்காரவைத்தாள்.

பொழுது சாய்ந்தது. கண்மாய்ப் பக்கமிருந்து கொசு கிளம்பியது.

"ஆ!" என்று தலைவர் துள்ளினார். "தின்னுது! தின்னுது!"

ஊர் குனிந்து பார்த்தது. கெண்டைக்காலில் சிவப்பாகத் தடித்திருந்தது. அழகுராக்குவுக்குப் பெருமையில் கண் கலங்கியது. வெகுநேரம் காத்துப் பார்த்தார்கள். தலைவர் சொறிந்து சொறிந்து ஓய்ந்தாரே தவிர, ஆள் குறைந்த மாதிரி தெரியவில்லை.

"ரொம்ப மெதுவாத் திங்குதே ராக்கு" என்றார் தலைவர்.

"பாவம், பச்சையாத் திங்கப் பழகல" என்றாள் அழகுராக்கு. "நாளைக்கு வரும்போது மேலெல்லாம் கொஞ்சம் உப்பு மிளகாய் தடவிட்டு வாங்க மாமா."

தலைவர் தாடையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். அன்றைக்கு யோசிக்கிற முறை அவருடையதுதான்.

"கல்லுப்பா, தூளுப்பா?" என்று கேட்டார்.